நான் ஏன் கையெழுத்து இடவில்லை?



சென்ற மாதம் எங்கள் துறையில் ஒரு விண்ணப்பம் சுற்றுக்கு வந்தது. துறைக்குப் பொதுவான கணக்கீட்டுச் சர்வர் இனி ஒருபோதும் தானாக நின்று தானாகத் தொடங்கக் கூடாது என்பது அதன் முதற் கோரிக்கை. அதை அவ்வாறு அமைத்த பணியாளர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது இரண்டாவது கோரிக்கை. 31 பேர் கையெழுத்து இட்டனர். அவர்களுள் 6 பேர் நம் பேரவையைச் சேர்ந்தவர்கள். என் பெயர் அதில் இல்லை.

"இழந்தவனே நீதானே! உனக்கே அக்கறை இல்லையென்றால் நாங்கள் யாருக்காக எழுதிக் கொடுத்தோம்?" என்று விடுதி உணவுக்கூடத்தில் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு சப்பாத்திகளுக்கு இடையே சொல்லி முடிக்கக்கூடிய விடை அன்று. ஆகையால் நம் மலரின் பக்கங்களில் இடம் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் இயற்பியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவன். காந்தப் பொருள்களில் அணுக்களின் சுழற்சி எவ்வாறு ஒழுங்குபடுகிறது என்பதை மான்டி கார்லோ முறையில் கணக்கிடுவது என் ஆய்வேட்டின் பொருள். அதற்கான நிரலை நானே எழுதினேன். அது 12 நாள் ஓட வேண்டும்; ஓடி முடிந்ததும் விடையை ஒரு கோப்பில் எழுத வேண்டும். ஒன்பது நாள் ஓடிற்று. பத்தாம் நாள் காலை ஆறே முக்காலுக்குப் பொறி நின்றது. சில நிமிடங்களில் மீண்டும் எழுந்தது. எழுந்த பொறிக்கு என் நிரலைப் பற்றிய நினைவே இல்லை. 216 மணி நேரக் கணக்கு நீர்மேல் எழுத்தாயிற்று.

அன்று நானும் சினந்தேன்; அதை மறைக்கவில்லை. அன்றே அந்த விண்ணப்பம் வந்திருந்தால் முதற் கையெழுத்து என்னுடையதாகவே இருந்திருக்கும். அது வருவதற்கு எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளில் நான் சிலவற்றைப் படித்தேன்; சிலரைக் கேட்டேன்; என் நிரலையும் மறுபடி திறந்து பார்த்தேன். சினம் முற்றும் தணியவில்லை. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் மாறிவிட்டது.

பொறியை ஏன் நிறுத்தித் தொடங்க வேண்டும்? இதை அறியாமலேயே நம்மில் பலர் கையெழுத்து இட்டிருக்கிறோம் என்பது என் எண்ணம். எனவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்கும் திருத்தம் வருகிறது. எங்கள் சர்வரில் இருப்பது உபுண்டு. அதில் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே இறக்கித் தானே பொருத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. 'அன்அட்டெண்டெட்-அப்கிரேட்ஸ்' என்பது அதன் பெயர். அது வட்டில் உள்ள பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதிய கோப்பை வைக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் வட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. சமையற் குறிப்பைத் திருத்தி எழுதிவிட்டால் அடுப்பில் கொதிக்கும் குழம்பில் உப்புக் குறைந்துவிடுமா? அதுபோலத்தான் இதுவும். சாதாரண நிரல் என்றால் அதை மட்டும் நிறுத்தித் தொடங்கினாற் போதும். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கெர்னல் மாறினால், பொறி முழுவதையும் ரீபூட் செய்தே ஆக வேண்டும். ஓடும்போதே கெர்னலைத் தைக்கும் 'லைவ் பேட்ச்' முறை ஒன்று உண்டு. 2015இல் வெளிவந்த லினக்ஸ் 4.0 பதிப்பிலேயே அதற்கான அடிப்படை சேர்க்கப்பட்டது. பயனுள்ள முறைதான். ஆயினும் எல்லாத் திருத்தத்தையும் அவ்வாறு தைக்க இயலாது. ரீபூட்டைத் தள்ளிப்போட அது உதவும், இல்லாமற் செய்துவிடாது.

ரீபூட் தேவைப்படும்போது பொறி அதை மறைப்பதும் இல்லை. 'ரீபூட்-ரிக்கொயர்ட்' என்ற பெயரில் ஒரு கோப்பை எழுதி வைக்கிறது. எந்தப் பொதிகளால் தேவைப்பட்டது என்பதையும் பக்கத்திலேயே பட்டியலிடுகிறது. நாம் உள்ளே நுழையும்போதெல்லாம் 'சிஸ்டம் ரீஸ்டார்ட் ரிக்கொயர்ட்' என்று நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே ஒரு வரி தெரியும். எங்கள் சர்வரில் அந்த வரி 73 நாள்களாக நின்றது. நானும் பார்த்தேன், கையெழுத்து இட்ட 31 பேரும் பார்த்திருப்பார்கள். நாள்தோறும் கண்ணில் படும் எச்சரிக்கை நாளடைவில் சுவரோடு சுவராகிவிடுகிறது.

இனி, விண்ணப்பத்தை ஆதரிப்போர் கூறும் காரணங்களுக்கு வருகிறேன். அவை மூன்று. மூன்றையும் மதித்தே விடை சொல்ல விரும்புகிறேன்.

"மனிதன் கையால் செய்யட்டும். எப்போது செய்யலாம் என்று அவனுக்குத் தெரியும். பொறிக்கு என்ன தெரியும்?" என்பது முதற் காரணம்.

மனிதனுக்குத் தெரியும் என்பது உண்மையே. மனிதன் மறப்பான் என்பதும் உண்மையே. மென்பொருள் திருத்தத்துக்காக அல்லாவிட்டாலும், குறித்த காலத்தில் நிறுத்தித் தொடங்கும் வேலையை மனித நினைவை நம்பி விட்டதால் என்ன நேரும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன.

2004 செப்டம்பர் 14ஆம் நாள், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பாம்டேல் என்னும் ஊரில் உள்ள விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையம், வானில் பறந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கான விமானங்களோடு பேசும் வசதியை இழந்தது. அந்தக் குரல் தொடர்புப் பொறியின் உள்ளே ஒரு கடிகாரம், மில்லி நொடிகளை 32 பிட் எண்ணாக எண்ணி வந்தது. அந்த எண் தீர்ந்துபோக 49.7 நாள் ஆகும். தீர்ந்தால் பொறி நிற்கும். இது முன்பே தெரியும். ஆகவே 30 நாளுக்கு ஒரு முறை ஒருவர் கையால் நிறுத்தித் தொடங்க வேண்டும் என்று விதி வகுத்திருந்தார்கள். அந்த முறை அதைச் செய்ய வேண்டியவர் செய்யவில்லை. பொறி எண்ணி முடித்தது, நின்றது. மாற்றாக வைத்திருந்த பொறியும் கைகொடுக்கவில்லை. விமானிகளின் திறமையாலும் நல்வினையாலும் மோதல் எதுவும் நிகழவில்லை.

மற்றொரு சான்றில் அந்த நல்வினையும் இல்லை. 1991 பிப்ரவரி 25ஆம் நாள், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படைவீரர் தங்கியிருந்த கட்டடத்தின்மீது ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் மாண்டனர். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் பொறி அங்கேயே இருந்தது. அது நிறுத்தப்படாமல் 100 மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. நொடியில் பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. 24 பிட்டுக்குள் எழுதும்போது கடைசியில் ஒரு துளி வெட்டுப்படும். அந்தத் துளி நூறு மணி நேரத்தில் ஏறத்தாழ 0.34 நொடியாக வளர்ந்திருந்தது. அந்த இடைவெளியில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். பொறி தவறான இடத்தில் தேடியது, காணவில்லை. நிறுத்தித் தொடங்கியிருந்தால் கடிகாரம் சுழியத்திலிருந்து தொடங்கும், பிழையும் மறையும். நெடுநேரம் ஓட்டினால் குறி தவறும் என்று சில நாள்களுக்கு முன்பே படையினருக்கு அறிவிப்பும் போயிருந்தது. ஆனால் நெடுநேரம் என்றால் எத்தனை மணி நேரம் என்று அந்த அறிவிப்பில் இல்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26ஆம் நாள். ஒரு நாள் தாமதம்.

எங்கள் துறைச் சர்வருக்கும் ஏவுகணைக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உயிர் போகாது என்பது சரி. ஆனால் பாடம் ஒன்றே. "தேவையானபோது செய்துகொள்ளலாம்" என்பது ஏற்பாடு ஆகாது. எப்போது, யார், எத்தனை நாளுக்குள் என்று எழுதப்படாத பணி, செய்யப்படாத பணியே. எங்கள் சர்வரைக் கவனிப்பவர் ஒருவரே. அவரும் ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்தான். நாம் பொங்கலுக்குக் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் ஏறிவிட்டால் சர்வரைத் திரும்பிப் பார்க்கிறோமா? அவர் மட்டும் ஏன் நள்ளிரவில் விழித்திருந்து பார்க்க வேண்டும்?

"கொஞ்ச நாள் தள்ளிப்போட்டால் என்ன கெட்டுப்போகும்? நம் சர்வரில் திருட என்ன இருக்கிறது?" என்பது இரண்டாவது காரணம்.

2017 மார்ச் 14ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸின் ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. மே 12ஆம் நாள் வான்னாக்ரை என்னும் தீநிரல் அதே ஓட்டையின் வழியே பரவியது. இடையில் இருந்தவை 59 நாள்கள். அந்த 59 நாள்களில் திருத்தத்தைப் பொருத்தாமல் விட்ட பொறிகள் ஏறத்தாழ 150 நாடுகளில் அகப்பட்டன. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. எங்கள் சர்வர் காத்திருந்தவை 73 நாள்கள் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன்.

"அது விண்டோஸ், நம்முடையது லினக்ஸ்" என்று இறுமாப்புக் கொள்ளவும் இடமில்லை. 2016 அக்டோபரில் 'டர்ட்டி கவ்' என்ற பெயரில் ஓர் ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. அது 2007ஆம் ஆண்டு முதலே லினக்ஸ் கெர்னலில் இருந்து வந்தது. பொறியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் எவரும் அதைப் பயன்படுத்தி முழு அதிகாரம் பெற்றுவிடலாம். பல்கலைக்கழகச் சர்வர் என்றால் என்ன? நூறு பேருக்குச் சாதாரணக் கணக்கு இருக்கும் இடம். அந்த நூறு பேரில் ஒருவர் தம் பிறந்த நாளையே கடவுச்சொல்லாக வைத்திருந்தாற் போதும். மற்ற 99 பேரின் பூட்டும் திறந்த பூட்டே.

2020 மே மாதம் எடின்பரோவில் இருந்த ஆர்ச்சர் என்னும் சூப்பர் கம்ப்யூட்டரையும், ஜெர்மனியில் இருந்த பல ஆராய்ச்சிக் கணிப்பொறிகளையும் மூட வேண்டி வந்தது. உலகமே நோய்த்தொற்றை எதிர்த்துப் போராடிய மாதம் அது. ஆராய்ச்சியாளர்களின் கணக்குகளைத் திருடி அவற்றின் வழியே கள்வர் நுழைந்திருந்தனர். திருட என்ன இருக்கிறது என்று கேட்டோமே. பொறியின் உழைப்பே திருட்டுப் பொருள். மறைநாணயம் தோண்டுவதற்கு அதைவிட நல்ல வயல் எங்கே கிடைக்கும்? பொறியை மூடிச் சுத்தம் செய்யும் நாள்களில் எல்லாருடைய கணக்கும் நிற்கும். என் ஒன்பது நாள் இழப்பு அதன் முன் சிறிது.

மூன்றாவது காரணமே வலிமை உடையது. "தானாக நடப்பது தானாகவே கெடுக்கும். 2024ஐ மறந்துவிட்டாயா?" என்று வேதியியல் துறை அண்ணன் ஒருவர் கேட்டார். மறக்கவில்லை. 2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்குத் தானாகச் செல்லும் புதுப்பிப்பு ஒன்றை அனுப்பியது. அதில் பிழை இருந்தது. ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் பொறிகள் எழ முடியாமல் வீழ்ந்தன. நம் நாட்டு விமான நிலையங்களிலும் விமானம் ஏறும் அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல பொறிகளை ஆள் நேரில் போய்த் தொட்டுத்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

இந்தக் காரணத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டு ஒன்று கேட்கிறேன். அன்று உலகைக் கவிழ்த்தது எது? ஒரே புதுப்பிப்பு ஒரே நேரத்தில் எல்லாப் பொறிகளுக்கும் போனது அல்லவா? முதலில் ஒரு சிலவற்றுக்கு அனுப்பி, அவை எழுந்ததைப் பார்த்த பின் மற்றவற்றுக்கு அனுப்பியிருந்தால் சேதம் அந்தச் சிலவற்றோடு நின்றிருக்கும். ஆகவே அந்த நாள் நமக்குச் சொல்வது, படிப்படியாகச் செய் என்பதுதான். தானியக்கத்தையே கைவிடச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. 400 நாள் நில்லாமல் ஓடிய பொறி என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். எனக்கு அது அச்சம் தருகிறது. அந்த 400 நாளில் எத்தனை அமைப்புகளை மாற்றியிருப்போம்! அடுத்த முறை மின்சாரம் நின்று வரும்போது பொறி எழுமா எழாதா என்று எவருக்கும் தெரியாது. எழாவிட்டால் எந்த மாற்றத்தால் என்று தேட 400 நாள் வரலாற்றைத் தோண்ட வேண்டும். மாதந்தோறும் நின்று எழும் பொறியில் அந்தத் தேடல் ஒரு மாதத்தோடு முடியும். நாடகத்துக்கு ஒத்திகை எப்படியோ, விபத்துக்கு ரீபூட் அப்படி.

அப்படியானால் அன்று காலை தவறு எங்கே நேர்ந்தது? இதுதான் நான் எட்டு நாள் தேடிக் கண்டது.

உபுண்டுவில் திருத்தங்கள் தானாகப் பொருந்தினாலும், ரீபூட் தானாக நடப்பதில்லை. நாம்தான் அதை இயக்க வேண்டும். அதற்குரிய கோப்பில் மூன்று வரிகள் முக்கியமானவை. 'ஆட்டோமேட்டிக்-ரீபூட்' என்பது முதல் வரி. அது இயல்பில் 'இல்லை' என்று இருக்கும். 'ஆட்டோமேட்டிக்-ரீபூட்-டைம்' என்பது இரண்டாவது. எந்த நேரத்தில் என்று அதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் 'இப்போதே' என்று பொருள். 'ஆட்டோமேட்டிக்-ரீபூட்-வித்யூசர்ஸ்' என்பது மூன்றாவது. யாரேனும் உள்ளே இருந்தாலும் ரீபூட் செய்யலாமா என்பதை அது சொல்லும். அதை மாற்றாவிட்டால் 'செய்யலாம்' என்றே பொருள்.

எங்கள் பணியாளர் முதல் வரியை 'ஆம்' என்று மாற்றினார். மற்ற இரண்டையும் தொடவில்லை. திருத்தம் பொருத்தும் வேலை இயல்பாகக் காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையே நடக்கும். அன்று திருத்தம் பொருந்தி முடிந்தது. 'இப்போதே' என்றிருந்ததால் அப்போதே நின்றது. ஆறே முக்கால் என்ற நேரத்தின் மருமம் இவ்வளவே.

இரண்டாவது வரியில் '02:00' என்று எழுதியிருந்தால்? காலையில் திருத்தம் பொருந்தும். ரீபூட் அடுத்த நள்ளிரவு 2 மணிக்கு என்று குறிக்கப்படும். இடையில் ஏறத்தாழ 19 மணி நேரம் இருக்கும். அதற்குள் நமக்கெல்லாம் அஞ்சல் அனுப்பலாம். மிகவும் இன்றியமையாத கணக்கு ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால், பொறுப்பாளர் ஒரே கட்டளையால் அந்த முறை நிறுத்தி வைக்கலாம்.

மூன்றாவது வரியை 'இல்லை' என்று மாற்றினால் எல்லாம் தீரும் என்று சிலர் கூறுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். யாரேனும் உள்ளே இருந்தால் பொறி நில்லாது, எவ்வளவு கருணை! ஆனால் அந்த வரி பார்ப்பது, உள்நுழைந்த ஆள் இருக்கிறாரா என்பதை மட்டுமே. இரவில் நிரலைப் பின்னணியில் ஓடவிட்டு வெளியேறிவிட்டு அறைக்குப் போய் உறங்குகிறவனை அது கண்டுகொள்ளாது. நான் அப்படிப்பட்டவன்; அன்று அது என்னைக் காத்திராது. மறுபுறம், திரையை மூடாமலே விட்டுப் போகும் ஒருவர் இருந்தால், அவர் பொருட்டு ரீபூட் மாதக் கணக்கில் தள்ளிப்போகும். பார்வைக்குக் கருணை, பயனில் இரண்டும் கெட்டான்.

உண்மையில் காக்கும் வழி நம் கையில் இருக்கிறது. நெடுநேரம் ஓடும் நிரல், அரை மணிக்கு ஒரு முறை தன் நிலையைக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். தொடங்கும்போது அந்தக் கோப்பு இருந்தால் அங்கிருந்து தொடர வேண்டும். புரத மூலக்கூறுகளை ஆராய்வோர் பயன்படுத்தும் குரோமாக்ஸ் நிரல் 15 நிமிடத்துக்கு ஒரு முறை இதைத் தானே செய்கிறது. நான் எழுதிய நிரல் செய்யவில்லை. 12 நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுமாறு அதை எழுதியவன் நான். ரீபூட் இல்லாவிட்டால் மின்வெட்டு. மின்வெட்டு இல்லாவிட்டால் வட்டுப் பழுது. எதுவாயினும் அது ஒரு நாள் விழுந்தே இருக்கும்.

இப்போது அதைத் திருத்திவிட்டேன். சுழற்சிகளின் நிலை, எத்தனையாவது படி என்ற எண், தற்போக்கு எண் ஆக்கியின் நிலை ஆகிய மூன்றும் எழுதப்படுகின்றன. மூன்றாவதை விட்டால், மறுபடி தொடங்கும்போது பழைய எண்களே திரும்ப வந்து விடை கெட்டுப்போகும். எழுதும்போதே பொறி நின்றுவிட்டால் கோப்பு பாதியில் கிழிந்துபோகுமே? அதற்காக முதலில் வேறு பெயரில் முழுதும் எழுதி, பிறகு உரிய பெயருக்கு மாற்றுகிறேன். எல்லாம் சேர்ந்து 40 வரிகள். ஒரு மாலைப் பொழுதின் வேலை. அந்த ஒரு மாலையைச் சேமிக்கப் போய் ஒன்பது நாளை இழந்தேன்.

இனி இரண்டாவது கோரிக்கைக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், நான் கையெழுத்து இடாததற்கு முதற் காரணம் அதுவே.

அந்தப் பணியாளரிடம் நேரில் போய்க் கேட்டேன். அவர் சினக்கவில்லை. தம் அஞ்சல்களைக் காட்டினார். சர்வரை நிறுத்தித் தொடங்க ஒரு நேரம் குறித்துத் தருமாறு மூன்று முறை எழுதிக் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் விடை இல்லை. நாம் பார்த்தும் பார்க்காமல் விட்ட அந்த எச்சரிக்கை வரியை அவரும் 73 நாள் பார்த்திருக்கிறார். பார்த்து, ஏதேனும் செய்ய வேண்டும் என்று எண்ணிய ஒரே ஆள் அவர்தான். செய்தார்; அரைகுறையாகச் செய்தார். நேரத்தைக் குறிக்காதது பிழை. முன்னதாக அறிவிக்காததும் பிழை. அவரே அதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் விடை சொல்லாதவர்களுக்கு ஒன்றும் இல்லை, செய்தவருக்குத் தண்டனை என்றால், அடுத்து அந்த நாற்காலியில் அமர்கிறவர் என்ன கற்றுக்கொள்வார்? எதையும் தொடாதே, தொட்டால்தான் வம்பு என்று கற்றுக்கொள்வார். பிறகு அந்த வரி 73 நாள் அல்ல, 730 நாள் நிற்கும்.

அவர் ஒப்பந்தப் பணியாளர். 11 மாதத்துக்கு ஒரு முறை அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். 'நடவடிக்கை' என்ற ஒரு சொல் நமக்கு விண்ணப்பத்தில் ஓர் அலங்காரம். அவருக்கு அடுத்த ஆண்டின் அடுப்பு. என் தந்தை இந்த நகரத்துக்குப் பிழைக்க வந்தவர். பல ஆண்டுகள் ஒப்பந்தத்திலேயே உழைத்தவர். பிறர் தவறு தம் தலையில் விழுந்த நாள்களில் அவர் எப்படி வீடு திரும்புவார் என்பதை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். பிழைப்பு நாடி ஊர் விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். நாம் அந்தத் தாளில் கையெழுத்து இடுமுன் இரண்டாவது கோரிக்கையை ஒரு முறை படித்திருக்க வேண்டாமா?

குறை மட்டும் சொல்லி முடிப்பது எளிது. எனவே நானும் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். அதில் நான்கு கோரிக்கைகள்.

ஒன்று: தானியங்கு ரீபூட் இருக்கட்டும். திருத்தங்கள் சனிக்கிழமை காலையில் மட்டும் பொருந்துமாறும், தேவையானால் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு ரீபூட் நடக்குமாறும் அமைக்கட்டும். கிழமையைக் குறிக்கும் வசதியும் அதே கோப்பில் உண்டு. ஒரு வாரம் காத்திருப்பதில் சிறிது இடர் உண்டு என்பதை அறிவேன். மிகக் கொடிய ஓட்டை என்று செய்தி வந்தால், அன்றே அறிவித்து அன்றிரவே கையால் செய்யட்டும்.

இரண்டு: மாணவர் ஆய்வுக்கூடத்தில் சும்மா கிடக்கும் சிறிய பொறி முதலில் எழட்டும். அது நலமாக எழுந்ததைக் கண்ட பிறகு, அடுத்த வாரம் பெரிய பொறி.

மூன்று: ரீபூட் குறிக்கப்பட்டவுடன் கணக்கு வைத்திருக்கும் அனைவருக்கும் அஞ்சல் போகட்டும். மறுநாட் காலை பொறி எழுந்ததா, அதன் பணிகளெல்லாம் தொடங்கினவா என்று பார்க்க ஒருவர் பெயரும், அவர் விடுப்பில் சென்றால் மற்றொருவர் பெயரும் எழுத்தில் இருக்கட்டும்.

நான்கு: கணக்குகளை வரிசையில் நிறுத்தும் 'ஸ்லர்ம்' போன்ற ஏற்பாட்டைத் துறை நிறுவட்டும். அது இருந்தால், ஓடும் கணக்கு முடியும்வரை பொறுத்து, புதியதை ஏற்காமல் நிறுத்தி, அதன் பிறகு பொறியை ரீபூட் செய்யலாம். அப்போது எவர் கணக்கும் நடுவில் அறுபடாது.

பணியாளரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் பேரவை அறையில் இருப்பேன். பைத்தானோ, சி மொழியோ, ஃபோர்ட்ரானோ, எதில் எழுதியிருந்தாலும் உங்கள் நிரலைக் கொண்டு வாருங்கள். நிலையை எழுதி வைக்கும் அந்த 40 வரிகளைச் சேர்ந்தே எழுதுவோம். முன்பே இதில் தேர்ந்தவர்கள் இருந்தால் அவர்களும் வந்து என்னைத் திருத்துங்கள்.

முதல் விண்ணப்பத்தில் கையெழுத்து இட்ட அந்த 6 நண்பர்களை நான் நன்கு அறிவேன். என் இழப்புக்காக வருந்தி இட்ட கையெழுத்து அது; அந்த அன்பை மறக்க மாட்டேன். இரண்டாவது விண்ணப்பம் பேரவை அறை மேசைமேல் இருக்கிறது. படித்துப் பாருங்கள். சரி என்று பட்டால் இடுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று அடுத்த இதழில் எழுதுங்கள்.

என் கணக்கு மீண்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ற ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு நானே சிறிய பொறியில் அதை ஓடவிட்டு, அந்தப் பணியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொறியை நிறுத்தித் தொடங்கச் செய்தேன். பொறி எழுந்தது. நிரலும் எழுந்தது, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இருவரும் தேநீர் குடித்துவிட்டு உறங்கப் போனோம்.